நான் எழுதிய பிறந்த தேதி

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு தடவையாகப் படியுங்கள். பாதி வரலாறு, பாதி என் தப்பு. தப்பைச் சொல்லாமல் வரலாற்றை மட்டும் எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமராவதி நகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் தன் மகளோடு வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "டீச்சர், என்னைத் தெரியலீங்களா? முகாம் பிள்ளைங்க. ஒண்ணாப்பு உங்ககிட்டத்தான் படிச்சேன்" என்றாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் இந்தப் பக்கத்து ஆள்தான், உடுமலைக்காரர். மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், நர்சிங் படிக்க ஆசை.

கையில் ஒரு பழைய செய்தித்தாள் வைத்திருந்தாள். 2024 ஏப்ரல் மாதச் செய்தி. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண், நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போட்டார் என்ற செய்தி. அவர் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். இந்திய மண்ணில் அந்தக் காலத்தில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று சொல்லி, அவருக்கு பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டிருந்தார். அதை வைத்து வாக்காளர் அட்டையும் வாங்கிவிட்டார்.

"நானும் மண்டபத்துலதான் பொறந்தேன் டீச்சர். அப்ப நானும் இந்தியா தானுங்களே?"

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். "ஆமாம் கண்ணு, நிச்சயமா" என்று சொல்லிவிட்டு, அவள் கொண்டுவந்திருந்த டி.சி. நகலை வாங்கிப் பார்த்தேன். பிறந்த தேதி 5-7-1987 என்று இருந்தது. தேசிய இனம் என்ற இடத்தில் 'இலங்கை' என்று இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் டி.சி. எழுதுவார்கள். அந்தப் பதிவேட்டில் அதை எழுதியது நான்.

அந்தத் தேதியின் அர்த்தம் அன்றைக்கு எனக்கு முழுசாகத் தெரியாது. செய்தியை மறுபடி படித்துவிட்டு, சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டபிறகுதான் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதல் கதை: 1948

இலங்கை 1948 பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம் மக்களைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்தியது. அப்பாவோ தாத்தாவோ இலங்கையில் பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றது. கங்காணி கூட்டிக்கொண்டு போன காலத்தில் எந்தக் கூலிக்காரருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? ஓட்டும் போயிற்று. இந்தியாவும் அவர்களைத் தன் குடிமக்கள் என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். நாடற்றவர் என்ற சொல் தமிழில் அப்போதுதான் பழக்கத்துக்கு வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு வைத்தார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மீதியை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். வகுப்பில் மீதி வரும் வகுத்தல் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகத்துக்கு வரும்.

அப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்காகத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தை, அதாவது டான்டீயைத் தொடங்கினார்கள். ரெப்கோ வங்கி 1969-ல் வந்தது. உங்களில் பலர் அங்கே நகைக்கடன் வாங்கியிருப்பீர்கள். அந்த வங்கியின் பெயரிலேயே 'தாயகம் திரும்பியோர்' என்ற சொல் ஒளிந்திருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இவர்களுக்குக் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தது. அடுத்து வந்தவர்களுக்கு எதுவும் இல்லை.

இரண்டாம் கதை: 1983

1983 ஜூலைக் கலவரம் நமக்கெல்லாம் தெரியும். அதற்குப் பிறகு படகு படகாக ராமேஸ்வரம், தனுஷ்கோடிக் கரைக்கு வந்தார்கள். மண்டபத்தில் பதிவு செய்து, பிறகு மாவட்டம் மாவட்டமாக முகாம்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் திருமூர்த்தி மலை அடிவாரத்திலும் முகாம் வந்தது. 1983 முதல் போர் முடியும் காலம் வரை, அலை அலையாக மூன்று லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் வெளிநாடு போனார்கள். இன்றும் முகாம்களில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் தமிழக அரசு அகதி முகாம் என்ற பெயரை எடுத்துவிட்டு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள்.

இவர்களுக்கு எந்தச் சட்டம்? இதைத்தான் நான் ஆசிரியராக இருந்த காலம் முழுக்கக் கேட்காமலே விட்டேன்.

அகதிகளுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951-ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் நாம் கையெழுத்துப் போடவில்லை. நம்மிடம் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள். 1920-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் நுழைவுச் சட்டம், 1939-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம். இந்த மூன்றுக்கும் உயிருக்குப் பயந்து படகேறி வந்தவரும் ஒன்றுதான், விசா முடிந்தும் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணியும் ஒன்றுதான். இரண்டு பேரும் வெளிநாட்டவர்.

அந்த 1946 சட்டத்தில் 9-ஆம் பிரிவு ஒன்று உண்டு. ஒருவர் வெளிநாட்டவரா இல்லையா என்று சந்தேகம் வந்தால், 'நான் வெளிநாட்டவர் இல்லை' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். பொதுவாகக் குற்றம் சாட்டுகிறவர்தானே நிரூபிக்க வேண்டும்? இங்கே தலைகீழ். 2025-ல் இந்தப் பழைய சட்டங்களையெல்லாம் எடுத்துவிட்டு, 'குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம்' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்துவிட்டது. அதிலும் நிரூபிக்க வேண்டிய பாரம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே காகிதம்தான் உயிர். அந்தக் காகிதத்தை எழுதுகிறவர்கள் யார்? வி.ஏ.ஓ., ஆஸ்பத்திரி எழுத்தர், முகாம் ஆர்.ஐ., அப்புறம் என்னை மாதிரி ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

மூன்று தேதிகள்

மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போடுவது போலச் சொல்கிறேன். குடியுரிமைச் சட்டம் 1955. அதில் பிறப்பால் குடியுரிமை என்பதற்கு மூன்று தேதிகள்.

26-1-1950 முதல் 30-6-1987 வரை இந்திய மண்ணில் பிறந்தால் போதும். அப்பா அம்மா யார் என்று கேள்வி இல்லை. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரி ஓரிரு விலக்குகள்தான்.

1-7-1987 முதல் 2-12-2004 வரை பிறந்தவர் என்றால், அப்பா அல்லது அம்மா யாராவது ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும்.

3-12-2004 முதல் பிறந்தவர் என்றால், இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஏன் இப்படி இறுக்கிக்கொண்டே போனார்கள்? 1986-ல் சட்டத்தைத் திருத்தியபோது அதன் நோக்க உரையில், வங்கதேசத்தோடு இலங்கையின் பெயரையும் சேர்த்து, அங்கிருந்து ரகசியமாகக் குடியேறுகிறார்கள் என்ற அச்சத்தைக் காரணமாகச் சொன்னார்கள். அதாவது மண்டபத்தில் இறங்கிய படகுகளும் அந்தத் திருத்தத்துக்கு ஒரு காரணம்.

'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லை 2003 திருத்தம் கொண்டுவந்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்தவர் அந்தப் பெயருக்குள் வந்துவிடுவார். விண்ணப்பம் போட்டுக் குடியுரிமை வாங்கும் வழியும் அவருக்கு அடைபட்டுவிடும். குண்டு விழும்போது யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசையில் நின்றுவிட்டா படகு ஏற முடியும்? 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்த அடைப்பைத் திறந்துவிட்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது என் மாணவியின் தேதியைப் பாருங்கள். 5-7-1987. கோட்டுக்கு அந்தப் பக்கம். ஐந்தே நாள்.

அந்தத் தேதி எப்படி வந்தது

1992 ஜூன். பள்ளி திறந்த வாரம். முகாமிலிருந்து ஒரு அம்மா இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தார். மன்னார்ப் பக்கத்துக்காரர். "ரீச்சர், பிள்ளை சித்திரைக் கடைசியில பிறந்தது. இந்தியா வந்து ரெண்டாம் வருசம்" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், அதனாலேயே நன்றாக ஞாபகம் இருக்கிறது. சித்திரைக் கடைசி என்றால் மே மாதம் நடுவில். ஜூலைக்கு முன்னால்.

பிறப்புச் சான்றிதழ் இல்லை. அன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்கு இருக்காது. பழைய ஆசிரியர்களுக்குத் தெரியும், நாங்கள் என்ன செய்வோம் என்று. அஞ்சு வயது முடிந்த மாதிரி ஜூன், ஜூலையில் ஒரு தேதி போட்டுவிடுவோம். ரெண்டு மாசம் தள்ளிப் போட்டால் பிற்காலத்தில் வேலைக்குப் போகும்போது வயசு வரம்புக்கு உதவும், சர்வீஸும் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒரு நல்லெண்ணம். எங்கள் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தால் ஊரில் பாதிப் பிள்ளைகள் ஜூன், ஜூலையில்தான் பிறந்திருப்பார்கள்!

அப்படித்தான் 5-7-1987 என்று எழுதினேன். தேசிய இனம் என்ற கட்டத்துக்கு வந்தபோது, 'முகாம் பிள்ளைதானே' என்று இலங்கை என்று எழுதினேன். எங்கே பிறந்தது என்று அந்த அம்மா என் முன்னால் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டே வேறொன்றை எழுதினேன்.

எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் ஆசிரியர் பட்டயப் பயிற்சி படித்தேன். குழந்தை உளவியல் படித்தேன், கற்பித்தல் முறை படித்தேன், பதிவேடு பராமரிப்பு கூடப் படித்தேன். அந்தக் கட்டத்தில் எழுதும் ஒரு வார்த்தை ஒருவரை நாட்டுக்குள் வைக்கும், அல்லது வெளியே தள்ளும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இதை யார்தான் படித்தார்கள்?

இந்தக் கேள்வி வந்ததும் கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்தவரைக்கும் சொல்கிறேன்.

உலகம் முழுக்க அகதிச் சட்டம் படிக்கிறவர்கள் தமிழர்களின் வழக்குகளைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. 1987 பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருப்பி அனுப்பப் பார்த்தபோது தமிழ் இளைஞர்கள் உடைகளைக் களைந்து போராடினார்கள். சரியான தாள் இல்லாதவர்களை ஏற்றி வந்தால் விமானக் கம்பெனிக்கு அபராதம் என்று பிரிட்டன் அந்த வருஷமே சட்டம் போட்டது. அதே வருஷம் டிசம்பரில், ஆறு தமிழர்கள் தொடர்பான வழக்கில் அங்கே பிரபுக்கள் சபை ஒரு தீர்ப்புச் சொன்னது. அகதிக்கு மனசில் பயம் இருந்தால் மட்டும் போதாது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கும் அந்த ஆபத்து நிஜமாகத் தெரிய வேண்டும் என்றது. தோற்றவர்களில் ஐந்து பேரை 1988 பிப்ரவரியில் இலங்கைக்கே திருப்பி அனுப்பினார்கள். 1989-ல் மேல்முறையீட்டு அதிகாரி, அவர்களுடைய பயம் நியாயமானதுதான் என்று சொன்னபிறகு பிரிட்டனுக்குத் திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

1986 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள். அதற்கு முந்தைய வருஷம், 1985 ஏப்ரல் 4-ல், பஞ்சாபிலிருந்து போன சீக்கியர்கள் உள்ளிட்டோரின் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், அகதி என்று சொல்லி வருகிற ஒவ்வொருவரையும் நேரில் உட்கார வைத்துக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தது. அந்த நாளை இன்றும் அங்கே அகதிகள் உரிமை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

நேரில் கேட்பது என்று வந்துவிட்டால், கேட்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அதனால் அந்த நாடுகளில் இது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. பிரிட்டனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பதிவு பெறாத ஆள் குடிவரவு ஆலோசனை சொன்னால் குற்றம். தேர்ச்சிக்குத் தகுந்த மாதிரி மூன்று நிலை வைத்திருக்கிறார்கள். கனடாவில் 2021-லிருந்து இந்த ஆலோசகர்களைக் கட்டுப்படுத்தத் தனிக் கல்லூரியே இருக்கிறது. கல்லூரி என்றால் பாடம் நடத்தும் இடம் இல்லை, நம்ம ஊர் பார் கவுன்சில் மாதிரி. ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே பட்டயப் படிப்பு உண்டு. போலி ஏஜெண்டுகள் அங்கேயும் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் தப்பாக நிரப்பினால் ஒரு குடும்பம் அழியும் என்பதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே? சட்டமே இல்லாதபோது யார் எதைப் படிப்பது? 1997-ல் நீதியரசர் பி.என். பகவதி தலைமையில் அகதிகளுக்கான மாதிரிச் சட்டம் ஒன்று எழுதினார்கள். அது சட்டமாகவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தைத் தமிழ்நாட்டில் முதலில் படித்தவர்கள் முகாம் மக்களேதான். தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரஹாசன் ஒரு வழக்கறிஞர். அவர் 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1985 ஆகஸ்ட்டில் இந்திய அரசு அவரையே நாடு கடத்தப் பார்த்தது, தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழவே திரும்பி வர விட்டது. அகதிகளுக்கு வேலை செய்ய வந்தவருக்கே அந்தக் கதி. அந்த அமைப்பு முகாம்களில் இருந்தே தொண்டர்களை உருவாக்கியது. பிள்ளை பிறந்தால் பிறப்பைப் பதிவு செய், பத்திரத்தைப் பத்திரமாக வை என்று வீடு வீடாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்.

நீதிமன்றங்களும் தம் பங்குக்குச் சொல்லிக்கொடுத்தன. 1991-ல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் மக்கள் மேல் இருந்த அனுதாபம் போயிற்று. திருப்பி அனுப்பும் வேலை வேகமாக நடந்தது. 1992-ல் பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். விருப்பத்தோடு போகிறார்களா, விரட்டப்படுகிறார்களா என்று கேள்வி எழுந்தது. அந்த வருஷமே ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்து, திரும்பிப் போகிறவர்களிடம் நேரில் பேசி விசாரிக்கத் தொடங்கியது. 1996-ல் அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடிமக்களாக இல்லாவிட்டாலும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உண்டு என்றது. 2019 ஜூன் 17-ல் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையக வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை 16 வாரத்துக்குள் பரிசீலிக்கச் சொன்னது. முதலில் சொன்ன தாயகம் திரும்பியோர் கதையின் மிச்சம் அது. ஒப்பந்தத்தின்படி பாஸ்போர்ட்டோடு வந்திருக்க வேண்டிய வம்சாவளியினர், கலவரத்தால் படகில் வந்ததால் அகதி ஆனார்கள்.

2025-ல் வந்த புதுச் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 9-1-2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாமல் தங்கியிருப்பதற்காகத் தண்டனை கிடையாது என்கிறது. நல்லதுதான். ஆனால் தண்டிக்க மாட்டேன் என்பது வேறு, நீ என் குடிமகன் என்பது வேறு. இதைக் குழப்பிக்கொண்டு, எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மஞ்சப்பையில் இருந்த அட்டை

என் மாணவிக்குத் திரும்ப வருகிறேன்.

அவள் போன பிறகு மூன்று நாள் தூக்கம் இல்லை. பிறகு அவளையே போனில் கூப்பிட்டு, "கண்ணு, அந்தத் தேதி நான் போட்டது. உங்கம்மா சொன்னது வேற" என்று உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பரவாயில்லீங்க டீச்சர், நீங்க அப்ப நல்லதுக்குத்தானே போட்டிருப்பீங்க" என்றாள். திட்டியிருந்தால் கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் ஒரு தம்பியைக் கூட்டிவந்தாள். முகாமிலேயே வளர்ந்த பையன், முப்பது வயது இருக்கும். சட்ட உதவித் தொண்டராகப் பயிற்சி எடுத்தவன். டி.சி.யைப் பார்த்ததும் நான் அழுவேன் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னான்: "பள்ளிக்கூடப் பதிவேடு மட்டுமே கடைசி வார்த்தை இல்லீங்க டீச்சர். பிறந்த நேரத்துல எழுதினது எதாவது இருக்கான்னு பார்ப்போம். அஞ்சு வருசம் கழிச்சு எழுதினதைவிட அதுக்கு எடை அதிகம்."

முதலில் ராமநாதபுரம் பக்கம் பிறப்புப் பதிவைத் தேட மனுக் கொடுத்தான். பிறகு அந்த அம்மாவிடம் போய், "பழைய காகிதம் எது இருந்தாலும் எடுங்க, கிழிஞ்சதா இருந்தாலும் பரவாயில்லை" என்றான். அவருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். அதற்குள் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. மாதாமாதம் உதவித்தொகை கொடுத்ததற்கு அடையாளமாக முத்திரையும் தலை எண்ணிக்கையும் இருந்தது. 1987 மே மாதம் வரைக்கும் நான்கு பேர். ஜூன் மாதம் ஐந்து பேர். பக்கத்தில் மங்கிப்போன மசியில் 'பெண் குழந்தை' என்று யாரோ ஒரு எழுத்தர் எழுதியிருந்தார்.

ஜூலை 5-ல் பிறந்த பிள்ளைக்கு ஜூனில் உதவித்தொகை எப்படிக் கொடுத்திருப்பார்கள்?

அந்தத் தம்பி அட்டையைக் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லோரும் அந்த அட்டையை ஏதோ ரேஷன் அட்டை என்றுதான் பார்த்தோம். அவனுக்குப் பார்க்க வேண்டிய இடம் தெரிந்திருந்தது. பயிற்சி என்றால் இதுதான். அவனுக்குக் கொடுத்த சில நாள் வகுப்பு, என்னுடைய முப்பது வருஷ சர்வீஸில் செய்த தப்பைக் கண்டுபிடித்துத் திருத்த வழி காட்டியது.

நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 1992-ல் அந்தப் பதிவைச் செய்தது நான்தான் என்றும், தாயார் சொன்ன மாதத்தை விட்டுவிட்டு நானாக ஒரு தேதி எழுதினேன் என்றும், பிறந்த இடத்தை விசாரிக்காமல் தேசிய இனத்தை நிரப்பினேன் என்றும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டில், "ரிட்டையர் ஆன பிறகு எதுக்கு இந்த வம்பு, பென்ஷனுக்கு எதாவது ஆகிடப் போகுது" என்றார்கள். ஆனால் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மனு இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. முடிவு வரவில்லை. அவள் இந்தியர் என்று ஆனால், அப்பா அம்மா இரண்டு பேரும் இந்தியர் என்ற கணக்கில் மகளுக்கும் கேள்வி இல்லை. அந்த மூன்றாவது தேதிக்குப் பிறகு பிறந்த பிள்ளை அது. அவள் ஆகாவிட்டால், மகளிடமும் ஒரு நாள் யாராவது 'உன் அம்மா யார்' என்று கேட்பார்கள். ஒரு பேனா தப்பு இரண்டு தலைமுறைக்குப் போகிறது.

கடைசியாக மூன்று வேண்டுகோள்

ஒன்று. பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு. தெரியாத கட்டத்தைத் தெரிந்த மாதிரி நிரப்பாதீர்கள். இப்போது திருப்பூர் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் நிறையச் சேர்கிறார்கள். அம்மா அப்பா ஷிப்ட்டுக்கு ஓடும் அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஊர்ப் பெயரை, பிறந்த இடத்தைப் பொறுமையாகக் கேட்டு எழுதுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளையை யாராவது வெளிநாட்டவர் என்று சந்தேகப்பட்டால், உங்கள் கையெழுத்துதான் சாட்சி.

இரண்டு. முகாமில் இருக்கும் என் மாணவர்களுக்கு. 1-7-1987-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் காகிதங்களைத் தேடுங்கள். பிறப்புப் பதிவு இல்லாவிட்டாலும், தாமதப் பதிவுக்கு வழி இருக்கிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களைச் சொல்லும்போது 'நபர்' என்றுதான் சொல்கிறது, 'குடிமகன்' என்று சொல்லவில்லை. பெண்கள், குழந்தைகள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குத் தைரியமாகப் போங்கள்.

மூன்று. அதிகாரத்தில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு. 2009 முதல் சட்ட உதவித் தொண்டர் திட்டம் நாடு முழுக்க இருக்கிறது. அந்தப் பயிற்சியில் குடியுரிமை, அகதிகள் பற்றி முகாம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு நாள் ஒதுக்குங்கள். வி.ஏ.ஓ. பயிற்சியிலும் ஆசிரியர் பயிற்சியிலும் ஒரே ஒரு பாடவேளை போதும். நான் முன்னால் சொன்ன மூன்று தேதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் கூடப் போதும்.

முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். அதுவரை, பழைய பதிவேடுகளில் ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கும் ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம். நானே எழுதிவிட்டேனே.